ஏழாவது ஜோடி

வளைகாப்பு வீட்டு வாசலில் நாற்பத்து மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஜெயப்பிரகாஷ் இரண்டு தடவை எண்ணிவிட்டான். பிறகு கூடத்துக்குள் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினான். இடுப்பில் இருந்த குழந்தைகளை விட்டுவிட்டு எண்ணியும் நாற்பத்து நான்கு வந்தது. திரும்ப வாசலுக்கு வந்து, குனிந்து, விரல் நீட்டி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மச்சான் வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் பந்தியில் உட்காராமல் வாசலில் இப்படிக் குனிந்து நின்றால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? "மாப்பிள்ளை புதுச் செருப்பு வாங்கியிருப்பாரு போல. கண்ணு அங்கயே இருக்கு" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, பந்தியே சிரித்தது. இலக்கியாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் வந்து புருஷனின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏங்க, மானம் போவுது. உள்ள வாங்க."

"ஒரு ஜோடி கொறையுது இலக்கியா."

"யாராச்சும் வெறுங்காலோட வந்திருப்பாங்க. அதுக்கென்ன இப்ப?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

பன்னிரண்டு நாளாக இதே கூத்து. டீக்கடை, சலூன், பள்ளிக்கூட மீட்டிங், எங்கே போனாலும் எண்ணுவான். எங்கே எண்ணினாலும் ஒரு ஆளுக்குச் செருப்பு இருக்காது. வெளியிடம் போகட்டும், சொந்த வீட்டு வாசலில் அவனுடையது, இலக்கியாவுடையது, மகளுடையது என்று மூன்று ஜோடி கிடக்கும். உள்ளே நுழைந்ததும், "யாரு வந்திருக்கா?" என்று கேட்பான். யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஒருநாள் அடுப்படியில் இருந்த இலக்கியா இந்தக் கேள்வியைக் கேட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள். அவன் எண்ணிப் பிழைத்தவன். அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஃபேக்டரி ஒன்றில் கிரஷர் ஆபரேட்டர். சுரங்கத்திலிருந்து வருகிற சுண்ணாம்புக்கல்லை லாரிகள் ஒரு பெரிய தொட்டியில் கொட்டும். தொட்டிக்கு அடியில் கிரஷர் அதை நொறுக்கும். தொட்டிக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற கண்ணாடி அறையில் உட்கார்ந்து பட்டனை அமுக்குவது அவன் வேலை. மழைக்காலத்தில் கல்லோடு களிமண்ணும் வந்து அப்பிக்கொண்டு தொட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது மிஷினை நிறுத்திவிட்டு, காண்ட்ராக்ட் ஆட்கள் கடப்பாரையோடு ஏணியில் இறங்கிக் குத்திவிடுவார்கள்.

உள்ளே ஆள் இருக்கும்போது மிஷின் ஓடக்கூடாது. அதற்கு ஒழுங்கான வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இறங்குகிற ஒவ்வொருவனும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் மிஷின் சுற்றாது. கம்பெனி அறுபது சிவப்புப் பூட்டுகள் வாங்கியும் வைத்திருந்தது. வாங்கி? ஸ்டோரில் அட்டைப்பெட்டியோடு வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆடிட் வருகிற அன்று பெட்டி வெளியே வரும், ஆளுக்கொன்று மாட்டிப் போட்டோ எடுப்பார்கள், சாயங்காலம் பெட்டி உள்ளே போய்விடும். ஏழு பேர் பூட்டி ஏழு பேர் திறக்க இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷத்துக்குக் கல் யார் நொறுக்குவது?

ஆகவே செருப்பு.

யார் ஆரம்பித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டின மிஷின் அது. அதற்குள் செருப்புக்காலோடு இறங்க அந்த ஆட்களுக்கு மனசு வராது. ஈரக் களிமண்ணில் செருப்பு வழுக்கவும் செய்யும். காண்ட்ராக்டர் வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்ததாக நோட்டில் கையெழுத்து இருக்கும், காலில் இருக்காது. எனவே தொட்டியைச் சுற்றிப் போட்டிருந்த மஞ்சள் கம்பியோரம் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு இறங்குவார்கள். ஏறி வந்ததும் மாட்டிக்கொண்டு போவார்கள். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தொட்டியின் அடி தெரியாது. கம்பியோரம் நன்றாகத் தெரியும். ஆறு ஜோடி கிடந்தால் உள்ளே ஆறு பேர். கம்பியோரம் காலி என்றால் தொட்டி காலி. சைரனைப் பத்து விநாடி அடித்துவிட்டுப் பட்டனை அமுக்கலாம். சும்மா சொல்லக்கூடாது, நான்கு வருஷம் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

ஐப்பசி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை, அதுவரை மூட்டை கட்டுகிற பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த கண்ணையனைத் தொட்டிக்கு அனுப்பினார்கள். ஐம்பது வயது ஆள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. வேலைக்கு இறங்குமுன் இரும்புப்படி ஏறி வந்து ஜெயப்பிரகாஷுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"என்னண்ணே, செருப்பு எங்க?"

"வேண்டுதல் தம்பி. வூட்ல அதுக்கு வயித்துல கட்டி எடுத்தாங்கள்ல, பொழைச்சு வந்தா நாப்பத்தெட்டு நாளு வெறுங்காலோட இருக்கேன்னு சிறுவாச்சூர் ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கு இருபத்தெட்டு."

"கேட்ல விட்டானுங்களா?"

"சாமி காரியம்னேன். விட்டுட்டாங்க."

ஜெயப்பிரகாஷ் சிரித்தான். "பாத்துண்ணே, கல்லு குத்தப்போவுது" என்றான். அவர் இறங்கிப் போனபோது படிகளில் அவர் பாதம் வெள்ளைச் சேற்றில் பதிந்திருந்தது. வலது காலின் சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விலகி நின்றது. அதைக்கூடக் கவனித்தான் அவன். கவனித்துவிட்டு மறந்தான்.

பதினொரு மணிக்குக் கீழேயிருந்து வேலை முடிந்ததாகக் குரல் வந்தது. ஆறு பேர் ஏறி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். ஜெயப்பிரகாஷ் தானும் பார்த்துவிட்டு, வழக்கப்படி வாக்கி டாக்கியில் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அண்ணாதுரையைக் கேட்டான்.

"அண்ணே, கம்பியோரம் காலியா?"

அண்ணாதுரை ஐம்பது அடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் செருப்பைத்தான் பார்த்தார். "காலி" என்றார்.

சைரன் அடித்தது. ஏணியில் ஏறி வர ஒரு நிமிஷமாவது வேண்டும் என்பது பத்து விநாடிச் சைரனுக்குத் தெரியாது. கல் அரைபடுகிற சத்தம் ஜெயப்பிரகாஷுக்கு அத்துப்படி. அதில் ஒரு கணம் கல் அல்லாத சத்தம் வந்தது. கீழே ஆறு பேரும் காலிலிருந்த செருப்பைக் கழற்றித் தூக்கி ஆட்டியபடி அலறிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பெயர்க்கக் கண்ணையன் உள்ளேயே நின்றிருக்கிறார். யாரும் தேடவில்லை. தேடுவதற்கு அங்கே ஏழாவது ஜோடி இல்லை.

மறுநாளே மிஷினை ஓட்டக்கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, வளைகாப்புக்கு மறுநாள், பெர்சனல் மேனேஜர் பிரசாத் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. அறை, காபி, உட்காரச் சொல்லி உபசாரம். மேஜைமேல் டைப் அடித்த காகிதம் ஒன்று தயாராக இருந்தது. 'பணி முடிந்த பின்னர், யாருடைய அனுமதியுமின்றி, பாதுகாப்புக் காலணி அணியாமல், கண்ணையன் தன்னிச்சையாக உள்ளே இறங்கினார். இதை நான் நேரில் கண்டேன்.' அண்ணாதுரையும் அந்த ஆறு பேரும் தங்கள் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"நான் பாக்கல சார்."

"செருப்பு போடாம வந்தாரா, இல்லையா?"

"வந்தாரு."

"அப்ப இதுல என்ன பொய் இருக்கு?" பிரசாத்தின் குரல் தேன். "தோ பாருங்க ஜெயப்பிரகாஷ். உண்மையைச் சொல்றேன்னு கெளம்புனா மொதல்ல மாட்டுறது நீங்கதான். பட்டனை அமுக்குன விரல் உங்களுது. ஒங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு, யோசிங்க. போனவரு போயிட்டாரு. இருக்கிற ஏழு குடும்பம் எதுக்குத் தெருவுல நிக்கணும்? அந்தம்மாவுக்கும் கம்பெனி எதோ பாத்துச் செய்யும். வர்ற திங்கக்கெழம தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வராங்க. அதுக்குள்ள போட்டுக் குடுங்க."

அவன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கையெழுத்துப் போடவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கோழைக்கு அதுதானே வழி? அவனே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டான்.

மிஷின் ஓடாவிட்டாலும் டியூட்டிக்குப் போய்க் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நட்ட நடுப் பகல், கண் கூசுகிற வெயில், சுற்றிலும் வெள்ளைப் புழுதி, ஒரு ஈ காக்கை கிடையாது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது இரும்புப்படியின் மூன்றாவது தட்டில் ஒரு பாதத் தடம் இருந்தது. வெள்ளைச் சேறு காய்ந்து அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. சுண்டு விரல் தனியே விலகியிருந்தது. பழைய தடமாக இருக்கும் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். மறுநாள் மத்தியானம் அது மறுபடி இருந்தது. கழுவினான். அதற்கு மறுநாளும் இருந்தது. மேலே ஏறுகிற தடம்தான் இருந்தது, இறங்குகிற தடம் இல்லை.

"எதோ காத்துக் கருப்பு அண்டியிருக்கு. சிறுவாச்சூர் போயி ஒரு எலுமிச்சம்பழமாச்சும் வாங்கிட்டு வாங்க" என்றாள் இலக்கியா. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடம் அவன் வேண்டுதலைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பெரம்பலூர் போய் பஸ் மாறி சிறுவாச்சூரில் இறங்கினான். வெள்ளியும் திங்களும் மட்டும் நடை திறக்கிற கோயில், எள் போட்டால் எள் விழாத கூட்டம். காளி கோயில் வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. எண்ணவே முடியாத குவியலைப் பார்த்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டான். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல், ஒரு பெண் கைகூப்பி நின்றிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. காலிலும் ஒன்றும் இல்லை. கண்ணையனின் மனைவி சாந்தா.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவனைப் பார்த்திருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"கம்பெனி தம்பிதானே நீங்க?"

"ஆமாக்கா. உள்ள போவலியா?"

"தீட்டு தம்பி. உள்ள போவக்கூடாது. இங்கேர்ந்தே கும்புட்டுட்டுப் போயிருவேன்." பாதத்தைப் பார்த்துக்கொண்டாள். வெடிப்பு விழுந்து, ஒரு குதிகாலில் துணி சுற்றியிருந்தது. "அவரு இருபத்தெட்டு நாளு நடந்தாரு. மிச்சத்தை நான் நடக்குறேன். இன்னையோட நாப்பத்தஞ்சு. திங்கக்கெழம முடியுது."

அவன் அந்தத் துணி சுற்றிய குதிகாலைப் பார்த்தான்.

"மேனேஜர் வூட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னாரு. காலுல செருப்பு இருந்திருந்தா இவருக்கு ஒன்னும் ஆயிருக்காதாம். வேண்டுதல்தான் இவரைக் கொண்டுபோயிருச்சாம்." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோபமே இல்லை. "எனக்காவத்தானே தம்பி வேண்டிக்கிட்டாரு? என் வயித்துல கட்டி வராம இருந்தா அவரு காலுல செருப்பு இருந்திருக்கும். ஆத்தா என்னைக் குடுத்துட்டு அவரை எடுத்துக்கிட்டா. நான் செத்திருக்கணும். நான்தான் அவரைத் தின்னுட்டேன்."

இல்லை அக்கா என்று சொல்ல வாய் திறந்தான். இல்லை என்றால் பிறகு யார் என்று கேட்பாளே. சட்டைப்பையில் மடித்து வைத்த காகிதம் நெஞ்சில் உறுத்தியது. "பாத்துப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னான். இதைவிடக் கேவலமான வார்த்தை தமிழில் இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நொந்துகொண்டான். எலுமிச்சம்பழம் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. காபி வேண்டாம், சால்வை வேண்டாம், நேராகத் தொட்டிக்குப் போகலாம் என்றார். பிரசாத் ஏற்பாடுகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆறு பேருக்கும் புத்தம்புது ஷூ, புது ஹெல்மெட், ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு. சாந்தாவையும் வரவழைத்திருந்தார். வீட்டில் கிடக்கிற கண்ணையனின் செருப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அவர் வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்தார் என்பதற்கு அது சாட்சியாம். அவள் ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு லாரி நிழலில் நின்றிருந்தாள்.

"எப்பவும் எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார் அதிகாரி.

ஆறு பேரும் மெயின் சுவிட்சில் பூட்டை மாட்டினார்கள். ஒருவனுக்குச் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. அதிகாரி ஒரு பூட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் புதுப் பூட்டின் எண்ணெய் ஒட்டியது.

"எவ்வளவு நாளா பயன்படுத்துறீங்க?"

"நாலு வருசமா மேடம்" என்றார் அண்ணாதுரை தரையைப் பார்த்துக்கொண்டு.

அதிகாரி கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். ஆறு பேரும் தொட்டிக்கு நடந்தார்கள். அங்கேதான் பிரசாத்தின் தலையில் இடி விழுந்தது. மஞ்சள் கம்பியோரம் வந்ததும் ஆறு பேரும், யாரும் சொல்லாமலே, குனிந்து லேஸை அவிழ்த்துப் புது ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார்கள். நான்கு வருஷப் பழக்கம், ஒரு காலையில் போய்விடுமா?

அதிகாரி அந்த வரிசையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தார். பிரசாத் பின்தொடர, இரும்புப்படியில் ஏறத் தொடங்கினார். மூன்றாவது தட்டில் நின்றார்.

"இங்க யாரு வெறுங்காலோட ஏறினது?"

மேலே நின்றிருந்த ஜெயப்பிரகாஷ் எட்டிப் பார்த்தான். காலையில்தான் கழுவியிருந்தான். இத்தனை நாளும் தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். அதிகாரி அந்தத் தடத்தை மிதிக்காமல் தாண்டி மேலே வந்தார்.

"நீங்கதான் ஆபரேட்டரா? இங்கேர்ந்து பார்த்தா உங்களுக்கு உள்ள இருக்கிற ஆள் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"பிறகு எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"மேடம், அவரோட ஸ்டேட்மென்ட் ரெடியா இருக்கு…" என்று பிரசாத் ஆரம்பித்தார்.

"அவர் சொல்லட்டும்."

ஜெயப்பிரகாஷ் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். லாரி நிழலில் சாந்தா. அவளுக்குப் பக்கத்தில் இடுப்பில் வாக்கி டாக்கியோடு அண்ணாதுரை. அவன் தன்னுடையதைக் கையில் எடுத்தான். பொத்தானை அழுத்திக்கொண்டே பேசினான். அவன் பேசப் பேசக் கீழே அண்ணாதுரையின் இடுப்பிலிருந்து அதே குரல் கரகரவென்று வந்தது.

"செருப்பை எண்ணுவேன் மேடம். பூட்டெல்லாம் இன்னைக்குத்தான் வந்துச்சு. நாலு வருசமா செருப்பை எண்ணித்தான் மிஷினை ஓட்டுறோம். எல்லாருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். அன்னைக்கு ஆறு ஜோடி, உள்ள ஏழு பேரு. கண்ணையண்ணன் செருப்பு போடலைன்னு எனக்குத் தெரியும். காலையில இந்தப் படியேறி வந்து எங்கிட்ட சொன்னாரு. நான் சிரிச்சேன். மறந்துட்டேன். பட்டனை அமுக்குனது நான்தான்." விட்டுவிடக் கூடாது என்று பொத்தானை இறுக்கிப் பிடித்தான். "சாந்தாக்கா, அவரு செருப்பு போடாதது தப்பில்லக்கா. செருப்பை எண்ணுனது எங்க தப்பு. வேண்டுதல் கொல்லலக்கா. நாங்கதான் கொன்னோம்."

பிரசாத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே சாந்தா அண்ணாந்து கண்ணாடி அறையைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். மேலே கேட்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த அண்ணாதுரை, என்ன நினைத்தாரோ, வாக்கி டாக்கியை எடுத்துப் பொத்தானை அமுக்கி அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அப்ப ஆத்தா இல்லியா தம்பி?"

"இல்லக்கா."

"நானும் இல்லியா?"

"நீங்க இல்லக்கா. சத்தியமா நீங்க இல்ல."

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினாள். பிறகு அந்த வெடித்த காலால் மெதுவாக நடந்து மஞ்சள் கம்பியோரம் வந்தாள். பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தாள். ஒன்றின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ஆறு ஜோடிப் புது ஷூக்களின் வரிசையில் கடைசியாக, பக்கத்து ஷூவுக்குச் சமமாக, அதை வைத்தாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"இப்ப எண்ணுங்க."

வாக்கி டாக்கி தேவைப்படவில்லை. அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இருபது நாளாக அழாத அழுகை அது.

தொட்டிக்குள்ளிருந்து ஆறு பேரும் ஏறி வந்தார்கள். அவளைப் பார்த்தார்கள். ஷூவை எடுத்தார்கள், மாட்டிக்கொள்ளவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சுவிட்சில் இருந்த பூட்டுகளைத் திறந்து எடுத்தார்கள். கம்பியோரம் ஒரு ஜோடி மட்டும் மிச்சம் இருந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "பாதியில விட வேணாம். முழுசா செஞ்சு காட்டுங்க" என்றார்.

பிரசாத் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஓடிவிட்டால் போதும், ஒரு தடவை மிஷின் ஓடிவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கு. "ஸ்டார்ட் பண்ணுங்க ஜெயப்பிரகாஷ்" என்றார் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

ஜெயப்பிரகாஷ் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

"அண்ணே, கம்பியோரம் காலியா?"

அண்ணாதுரை அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். எடுக்கக் குனிந்தார். கை பாதியில் நின்றது. நிமிர்ந்தார்.

"இல்ல. ஒரு ஜோடி கெடக்கு" என்றார்.

"யோவ், அது வெறும் செருப்புய்யா!" பிரசாத் கத்திவிட்டார். "உள்ள எவனும் இல்ல. ஆறு பேரும் கண்ணெதிர நிக்கிறானுங்க. பட்டனை அமுக்கு!"

ஜெயப்பிரகாஷ் கம்பியோரம் பார்த்து எண்ணினான். இருபது நாளில் முதல் தடவையாக ஒரே எண்ணிக்கையில் செருப்புக் கணக்கும் ஆள் கணக்கும் ஒத்துப்போயின. பட்டன்மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டான்.

"இல்ல சார். உள்ள ஆள் இருக்கு" என்றான்.